வெட்டி எடுத்தா தான் சரியாகும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு கேள்விக்குப் பதில் சொல்றப்போ, பாக்டீரியா தன்னோட டிஎன்ஏல அடிபட்ட இடத்தை நியூக்ளியேஸ்ங்கற என்சைமை வச்சு வெட்டி எடுத்துட்டு சரி பண்ணிக்கும்னு ஒரே வரில சொல்லியிருந்தேன். இந்தத் தடவை வந்த கடிதங்கள்ல பாதி அந்த ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டது தான், படிக்கப் படிக்க அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு, அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளி வச்சுட்டு இங்க முழுக்க இதையே எடுத்துக்கறேன்.

கேள்வி: நியூக்ளியேஸ்னா டிஎன்ஏவை வெட்டுறதுன்னு பாடத்துல இருக்கு. வெட்டுறது எப்படி சார் ரிப்பேர் ஆகும்? (ஒரு பள்ளி மாணவர்)

நியாயமான சந்தேகம் தம்பி. கிழிஞ்ச சட்டைக்கு ஒட்டு போடுற டெய்லர் முதல்ல நைஞ்சு போன ஓரத்தைக் கத்தரிச்சுட்டுத் தானே ஊசியை எடுப்பார், இதுவும் அப்படித் தான். டிஎன்ஏக்கு ரெண்டு இழை, ஒரு இழைல இருக்கற எழுத்துக்கு ஜோடி எழுத்து எதிர் இழைல இருக்கும், ஏ எதிர்ல டி, ஜி எதிர்ல சி. அதனால ஒரு இழை மட்டும் கெட்டுதுன்னா எதிர் இழையைப் பார்த்துத் திரும்ப எழுதிக்கலாம். ஆனா எழுதுற என்சைம், அதான் டிஎன்ஏ பாலிமரேஸ், அதுக்கு எழுதக் காலி இடம் வேணும், ஆரம்பிக்கறதுக்கு வெட்டுப்பட்ட ஒரு முனையும் வேணும். கெட்ட எழுத்து அங்கயே உக்காந்திருந்தா அது மேல எழுத முடியாது. அந்த இடத்தையும் முனையையும் உண்டாக்கிக் குடுக்கறது தான் நியூக்ளியேஸ்.

ஈ கோலை பாக்டீரியா மேல யூவி வெளிச்சம் படுதுன்னு வச்சுக்கோ. அடுத்தடுத்து ரெண்டு டி, அதாவது தைமின், இருக்கற இடத்துல அது ரெண்டும் பக்கவாட்டுல ஒட்டிக்கும், நடுவுல நாலு கார்பன் சேர்ந்த ஒரு சின்ன வளையம் வந்துடும், இதுக்குத் தைமின் டைமர்னு பேரு. இந்த இடத்துல டிஎன்ஏ லேசா வளைஞ்சு போயிடும், காப்பி எடுக்க வர்ற பாலிமரேஸ் இங்க வந்து முட்டிக்கிட்டு நிக்கும். இப்போ யூவிஆர்-ஏ, யூவிஆர்-பி ரெண்டு புரோட்டீனும் சேர்ந்து டிஎன்ஏ மேல தேடிக்கிட்டே வரும். முதல்ல யூவிஆர்-ஏ "இங்க ஏதோ கோணலா இருக்கே"ன்னு நிக்குது, ஆனா கோணலா இருந்தா மட்டும் வெட்டிட மாட்டாங்க. யூவிஆர்-பி தன்கிட்ட இருக்கற ஒரு சின்ன மடிப்பை ரெண்டு இழைக்கும் நடுவுல நுழைச்சு, நிஜமாவே அடிபட்டிருக்கா, எந்த இழைல அடின்னு பார்க்கும். சரின்னு தெரிஞ்சதும் யூவிஆர்-ஏ கழண்டு போயிடும், யூவிஆர்-பி மட்டும் அந்த இடத்தை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கும், அப்போ தான் யூவிஆர்-சி வருது. வெட்டுற கத்தி இதுகிட்ட தான் இருக்கு. ஒரு இழையோட ரெண்டு முனையையும் 3 பிரைம், 5 பிரைம்னு சொல்லுவாங்க. டைமருக்கு 3 பிரைம் பக்கம் நாலாவது இல்ல அஞ்சாவது பிணைப்புல ஒரு வெட்டு, அப்புறம் 5 பிரைம் பக்கம் எட்டாவது பிணைப்புல இன்னொரு வெட்டு. நடுவுல 12 இல்ல 13 எழுத்து உள்ள ஒரு துண்டு. அந்தத் துண்டை யூவிஆர்-டி உருவி வெளிய எடுத்துடும், பாலிமரேஸ்-1 எதிர் இழையைப் பார்த்து எழுதி நிரப்பும், கடைசியா லிகேஸ்ங்கற என்சைம் ஒட்டிடும்.

இதுல என்னை எப்பவும் நிக்க வைக்கறது என்னன்னா, கத்தியை வச்சிருக்கறவர் கடைசியா தான் வர்றார். யூவிஆர்-சி தனியா டிஎன்ஏ பக்கத்துல இருந்தாலும், யூவிஆர்-பி பிடிச்சுக்கிட்டு நிக்கற இடம் இல்லாம இந்த வெட்டு நடக்காது. சந்தேகப்படுறது ஒருத்தர், உறுதி பண்றது ஒருத்தர், வெட்டுறது இன்னொருத்தர். ரிப்பேர் நியூக்ளியேஸ் எதை எடுத்துப் பார்த்தாலும் இந்தக் கட்டுப்பாடு ஏதோ ஒரு ரூபத்துல இருக்கும், கீழ வர்ற பதில்கள்லயும் இதைத் தான் திரும்பத் திரும்பப் பார்ப்பீங்க.

கேள்வி: ஏ, பி, சி மூணும் ஒரே குடும்பத்துப் புரோட்டீனா? குடும்பம்னு எதை வச்சுச் சொல்றாங்க? (கல்லூரி மாணவி)

இல்லம்மா, அந்த எழுத்தெல்லாம் ஜீனுக்கு வச்ச பேர் மட்டும் தான். யூவி பட்டா சுலபமா செத்துப் போற மியூட்டன்ட் பாக்டீரியாக்களைப் பிடிச்சு, ஒவ்வொன்னுலயும் எந்த ஜீன் கெட்டிருக்குன்னு பார்த்து வரிசையா எழுத்து போட்டாங்க. மூணும் சேர்ந்து ஒரே வேலை செய்யுது, ஆனா அமைப்புல மூணும் வேற வேற. புரோட்டீன் குடும்பம்னு சொல்றது அமினோ அமில வரிசையும் மடிப்பும் ஒத்துப் போறதை வச்சு.

யூவிஆர்-சியையே எடுத்துக்கோ, அதுக்குள்ள ரெண்டு கத்தி. முன்பாதில இருக்கறது ஜிஐஒய்-ஒய்ஐஜி-ன்னு ஒரு பெரிய நியூக்ளியேஸ் குடும்பத்தைச் சேர்ந்தது, 3 பிரைம் வெட்டை அது போடும். பாக்டீரியாவைத் தாக்கற டி4 ஃபேஜ் வைரஸ்ல இருக்கற ஒரு என்சைமும் மனுஷ செல்லுல இருக்கற எஸ்எல்எக்ஸ்-1ம் இதே குடும்பம். பின்பாதில இருக்கறது ஆர்என்ஏஸ்-எச் மாதிரி மடிப்பு, 5 பிரைம் வெட்டு அதோட பொறுப்பு. ரெண்டு வேற வேற குடும்பத்துக் கத்தி ஒரே புரோட்டீன்ல எப்பவோ ஒன்னா சேர்ந்திருக்கு.

ஈ கோலைல ச்சோ-ன்னு இன்னொரு புரோட்டீனும் உண்டு, யூவிஆர்-சியோட முன்பாதி மட்டும் தனியா இருக்கற மாதிரி. அடி பெருசா பருமனா இருந்து யூவிஆர்-சியால 3 பிரைம் பக்கம் சரியா வெட்ட முடியலைன்னா, ச்சோ இன்னும் நாலு எழுத்து தள்ளிப் போய் வெட்டும். சாதாரண நேரத்துல இது அவ்வளவா தயாராகாது, டிஎன்ஏக்கு நிறைய அடி விழுந்து எஸ்ஓஎஸ்-ங்கற அவசர நிலை ஆரம்பிச்சா தான் வரும்.

கேள்வி: இதையெல்லாம் யார் கண்டுபிடிச்சாங்க? கண்ணுக்கே தெரியாத 12 எழுத்துத் துண்டை எப்படிப் பிடிச்சாங்க?

1964ல ரெண்டு குழு தனித்தனியா கண்டுபிடிச்சாங்க, செட்லோ, கேரியர் ஒரு பக்கம், பாய்ஸ், ஹோவர்ட்-ஃப்ளாண்டர்ஸ் இன்னொரு பக்கம். வழி ரொம்ப எளிமையானது. கதிரியக்கம் உள்ள தைமினைக் குடுத்து பாக்டீரியாவை வளர்த்து, யூவி காட்டி, கொஞ்ச நேரம் விட்டுட்டு, செல்லை உடைச்சு ஆசிட் சேர்த்தாங்க. ஆசிட்ல பெரிய டிஎன்ஏ கரையாம கீழ படிஞ்சுடும், சின்னத் துண்டு மட்டும் கரைஞ்சு மேல நிக்கும். யூவி காட்டின உடனே பார்த்தா டைமர் எல்லாம் கீழ படிஞ்ச பகுதில இருக்கு, நேரம் போகப் போக அது கரைஞ்ச பகுதிக்கு மாறுது. யூவி தாங்காத மியூட்டன்ட்ல மட்டும் மாறவே இல்ல. அப்போ நல்ல செல்லு டைமரை வெட்டி வெளிய போடுதுன்னு தானே அர்த்தம். அதே வருஷம் ஹனவால்ட்டும் பெட்டிஜானும் வெட்டின இடத்துல புதுசா டிஎன்ஏ எழுதப்படுறதைக் காட்டிட்டாங்க.

ஆனா எந்தப் புரோட்டீன் எங்க வெட்டுதுன்னு தெரிய இன்னும் கிட்டத்தட்ட 20 வருஷம் ஆச்சு. அசிஸ் சான்ஜார்னு துருக்கில பிறந்த விஞ்ஞானி, போஸ்ட்டாக், அதாவது பிஎச்டிக்கு அப்புறம் செய்யற ஆராய்ச்சி வேலைக்கு மூணு இடத்துல விண்ணப்பிச்சு மூணு இடத்துலயும் இல்லைன்னுட்டாங்க, அதனால யேல் பல்கலைக்கழகத்துல டீன் ரப் லேப்ல டெக்னீஷியனா சேர்ந்தார். அங்க அவர் கொண்டு வந்த மாக்ஸிசெல்-ங்கற முறை எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒன்னு. ரிப்பேரே தெரியாத ஒரு ஈ கோலையை எடுத்துக்கிட்டு, அதுக்குள்ள நமக்கு வேண்டிய ஜீன் உள்ள பிளாஸ்மிடை, அதாவது குரோமோசோமுக்கு வெளிய தனியா இருக்கற சின்ன டிஎன்ஏ வட்டத்தைப் போட்டு, லேசா யூவி காட்டணும். குரோமோசோம் பெருசு, அது மேல எப்படியும் அடி விழும், ரிப்பேர் இல்லாததால அது சிதைஞ்சு போயிடும். பிளாஸ்மிட் சின்னது, நிறைய காப்பி வேற இருக்கும், அதுல பல காப்பி அடிபடாம தப்பிச்சுடும். இப்போ அந்த செல்லு தயாரிக்கற புரோட்டீன் எல்லாமே கிட்டத்தட்ட நம்ம ஜீனோடது தான். ரிப்பேர் இல்லாத செல்லை வச்சே ரிப்பேர் புரோட்டீனைக் கண்டுபிடிச்சுட்டார்! 1983ல சான்ஜாரும் ரப்பும் மூணு புரோட்டீனும் சேர்ந்து அடிபட்ட இடத்துக்கு ரெண்டு பக்கமும் வெட்டுதுன்னு அளவோட போட்டாங்க. 2015 வேதியியல் நோபல் பரிசை சான்ஜார், லிண்டால், மாட்ரிச் மூணு பேரும் பகிர்ந்துக்கிட்டாங்க.

கேள்வி: ஒரு இழை கெட்டா எதிர் இழையைப் பார்த்து எழுதலாம் சரி. ரெண்டு இழையும் ஒன்னா அறுந்து போனா? (உயிரியல் ஆசிரியை)

டீச்சர், நீங்க கேட்டது தான் இதுல ரொம்பக் கஷ்டமான கட்டம். ரெண்டு இழையும் அறுந்தா பார்த்து எழுத எதிர் இழையே கிடையாது, அதே எழுத்து உள்ள இன்னொரு டிஎன்ஏ காப்பியைத் தேடிப் போகணும். காப்பி எடுத்துக்கிட்டிருக்கற பாக்டீரியாகிட்ட பெரும்பாலும் அந்த ரெண்டாவது காப்பி இருக்கும். தேடிப் போக முனைல ஒத்தை இழை நீட்டிக்கிட்டு இருக்கணும், அந்த நீட்டலை உண்டாக்குறது ஈ கோலைல ரெக்-பிசிடி.

இது என்சைம்னு சொல்றதை விட ஒரு வண்டின்னு சொல்லலாம். ரெக்-பி, ரெக்-டி ரெண்டும் மோட்டார், ஆளுக்கு ஒரு இழையைப் பிடிச்சுக்கிட்டு அறுந்த முனைலேர்ந்து உள்ள நோக்கி ஓடும், ரெண்டு இழையையும் பிரிச்சுக்கிட்டே போகும், வேகம் நொடிக்கு சுமார் 1,000 எழுத்து. கத்தி ரெக்-பியோட வால்ல இருக்கு, போற வழியெல்லாம் பிரிச்ச இழையை நறுக்கித் தள்ளிக்கிட்டே வரும். இதை மட்டும் பார்த்தா பயமா தான் இருக்கும், ஈ கோலையோட மொத்த டிஎன்ஏவே சுமார் 46 லட்சம் எழுத்து தான், இந்த வேகத்துல போனா ஒன்னேகால் மணி நேரத்துல எல்லாம் காலி.

காப்பாத்தறது எட்டே எட்டு எழுத்து. ஜி-சி-டி-ஜி-ஜி-டி-ஜி-ஜி. இதைக் கை சைட்னு சொல்லுவாங்க, கிரேக்க எழுத்தோட பேர். ரெக்-சி தன் வழியா நழுவிப் போற இழைல இந்த எட்டு எழுத்தைப் பார்த்ததும் அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கும், வண்டி சில நொடி தடுமாறி நின்னு மறுபடி கிளம்பும், ஆனா கிளம்புறப்போ அதோட குணமே மாறியிருக்கும். அதுக்கப்புறம் 3 பிரைம் முனை உள்ள இழை மேல கத்தி படாது, எதிர் இழை மட்டும் தான் நறுக்கப்படும். அப்படி மிச்சமாகற ஒத்தை இழை மேல ரெக்-ஏ புரோட்டீனை ஏத்தி விடறதும் இதே வண்டி தான். ரெக்-ஏ ஏறின இழை போய் ஜோடி காப்பியைக் கண்டுபிடிச்சுக்கும். ஒவ்வொரு கை சைட்டையும் தவறாம கவனிக்கும்னு இல்ல, பல தடவை தாண்டிப் போயிடும், அடுத்ததுல பிடிச்சுக்கும்.

வகுப்புல பிள்ளைங்களுக்குக் குடுக்க ஒரு கணக்கு சொல்றேன். நாலு எழுத்துல எட்டு இடம்னா 65,536 விதம். 46 லட்சம் எழுத்து, ரெண்டு இழையையும் சேர்த்துப் பார்த்தா 92 லட்சம், அதை 65,536ஆல வகுத்தா தற்செயலா இந்த எட்டெழுத்து வர வேண்டியது 140 தடவை. ஆனா ஈ கோலைல நிஜமா இருக்கறது சுமார் 1,000. அதுலயும் பெரும்பாலானது ஒரே திசையைப் பார்த்து, டிஎன்ஏ காப்பி நடக்கறப்போ அறுந்தா சரியா உதவுற மாதிரி நிக்குது. ஒரு கணக்கை வச்சே இயற்கைத் தேர்வு நடந்திருக்குன்னு கண்ணால பார்த்துடலாம், பிள்ளைங்க முகத்துல அது புரியற நேரத்தை நீங்க தான் பார்க்கப் போறீங்க.

கேள்வி: அப்போ இந்த என்சைம் சும்மா இருக்கறப்போ சொந்த டிஎன்ஏவையே தின்னுடாதா?

தின்னாது, ஏன்னா அதுக்கு ஏற முனை வேணும். ஈ கோலையோட குரோமோசோம் வட்டமா இருக்கு, வட்டத்துக்கு ஏது முனை? அறுந்தா தான் முனை வரும். வெளியிலேர்ந்து நுழையற வைரஸ் டிஎன்ஏ நீளவாக்குல முனையோட வந்தா அது மேலயும் ரெக்-பிசிடி ஏறும், அங்க கை சைட் இருக்காது இல்ல ரொம்பக் குறைவா இருக்கும், அதனால தின்னு தீர்த்துடும். ஒரே வண்டி சொந்த டிஎன்ஏக்கு ரிப்பேர், வெளி டிஎன்ஏக்கு எமன். வைரஸும் சும்மா இல்ல, லாம்ப்டா ஃபேஜ் காம்-னு ஒரு புரோட்டீனை வச்சு ரெக்-பிசிடியை அடைச்சுடும், டி4 ஃபேஜ் தன் டிஎன்ஏ முனைலயே ஒரு புரோட்டீனை மூடி மாதிரி மாட்டிக்கிட்டு வருது.

கேள்வி: கிரிஸ்பர்ல வர்ற காஸ்-9ம் நியூக்ளியேஸ் தானே, அதுவும் ரிப்பேர் குடும்பமா?

காஸ்-9 வெட்டுறதோட சரி, பாக்டீரியாவுக்கு அது வைரஸை ஒழிக்கற ஆயுதம். ஜீன் எடிட்டிங்ல காஸ்-9 வெட்டின அப்புறம் ஒட்டுறது அந்த செல்லோட சொந்த ரிப்பேர் தான். ஆனா தொடர்பு ஒன்னு இருக்கு. கிரிஸ்பர்ங்கறது பாக்டீரியா முன்னாடி வந்த வைரஸை நினைவு வச்சுக்கற ஏற்பாடு, அந்த நினைவுல சேர்த்து வைக்க வைரஸ் டிஎன்ஏ துண்டு வேணும் இல்லையா, ஈ கோலைல அந்தத் துண்டுல நிறைய ரெக்-பிசிடி நறுக்கிப் போட்டதிலேர்ந்து வருதுன்னு 2015ல காட்டினாங்க. கை சைட் வந்ததும் நறுக்கறது குறைஞ்சுடுறதால சொந்த டிஎன்ஏ துண்டு அந்த நினைவுல ஏறுறதும் குறையுது.

கேள்வி: எழுத்துப் பிழைன்னா ரெண்டு இழையுமே நல்ல எழுத்து தான், ஜோடி மட்டும் தப்பு. எது சரி எது தப்புன்னு நியூக்ளியேஸுக்கு எப்படித் தெரியும்? (மென்பொருள் துறைல இருக்கற வாசகர்)

உங்க துறைக்காரங்க தான் இந்தக் கேள்வியைக் கேப்பாங்கன்னு எதிர்பார்த்தேன். காப்பி எடுக்கறப்போ ஜி எதிர்ல சிக்குப் பதிலா டி விழுந்துடுச்சு, இப்போ ஜியை மாத்தறதா டியை மாத்தறதா? புதுசா எழுதின இழைல தான் தப்பு இருக்கும், அதனால புது இழை எதுன்னு தெரிஞ்சா போதும். ஈ கோலைல ஜி-ஏ-டி-சின்னு வர்ற இடத்துல எல்லாம் அந்த ஏ மேல டாம்-ங்கற என்சைம் ஒரு மெத்தில் அடையாளம் போடும். பழைய இழைல அடையாளம் ஏற்கனவே இருக்கு, புது இழைல போட கொஞ்ச நேரம் ஆகும். அந்தக் கொஞ்ச நேரம் தான் வாய்ப்பு. மியூட்-எஸ் தப்பு ஜோடியைக் கண்டுபிடிக்கும், மியூட்-எல் நடுவுல தூது போகும், மியூட்-எச்ங்கற நியூக்ளியேஸ் பக்கத்துல இருக்கற ஜி-ஏ-டி-சில அடையாளம் இல்லாத இழையை மட்டும் ஒரே ஒரு இடத்துல கீறும், அது தப்புலேர்ந்து 1,000 எழுத்து தள்ளிக் கூட இருக்கலாம். கீறின இடத்துலேர்ந்து தப்பைத் தாண்டுற வரைக்கும் இழையை உருவி, முனைலேர்ந்து தின்னுக்கிட்டு வர்ற வேற நியூக்ளியேஸ்கள், அதாவது எக்ஸோநியூக்ளியேஸ்கள், தின்னு, பாலிமரேஸ் புதுசா எழுதிடும். மியூட்-எச் தனியா இருந்தா வெட்டறதே ரொம்ப மந்தம், மியூட்-எல் வந்து தூண்டினா தான் வேகம். ரெண்டு இழைலயும் அடையாளம் விழுந்துட்டா வெட்டவே வெட்டாது. இந்த முழு வேலையையும் சுத்தமான புரோட்டீன்களை மட்டும் வச்சு டெஸ்ட் டியூப்ல 1989ல நடத்திக் காட்டினது பால் மாட்ரிச் லேப்.

இன்னொன்னும் சொல்லணும். மியூட்-எச் ஈ கோலை, அதோட நெருங்கின சொந்தங்கள்ட்ட தான் இருக்கு, பெரும்பாலான பாக்டீரியாவுல அது கிடையாது, அங்க மியூட்-எல்லே கத்தியையும் வச்சிருக்கும், நம்ம செல்லுலயும் அப்படித் தான். டிபி கிருமி குடும்பத்துல மியூட்-எஸ்ஸும் இல்ல மியூட்-எல்லும் இல்ல. 1998ல டிபி கிருமியோட முழு ஜீனோம் வந்தப்போ இது பெரிய புதிரா இருந்துச்சு, இது ரெண்டும் இல்லாம எப்படி எழுத்துப் பிழை இவ்ளோ குறைவா இருக்கு? 2017ல டிபி கிருமியோட சாதுவான சொந்தம் ஒன்னுல தேடினப்போ நியூக்-எஸ்-ங்கற, முழுக்க வேற குடும்பத்து நியூக்ளியேஸ் அந்த வேலையைச் செய்யறது தெரிஞ்சது. அதை எடுத்துட்டா மியூட்டேஷன் வேகம் 100 மடங்கு அளவுக்கு ஏறுது. டிபி மருந்துக்கு மசியாம போறது மியூட்டேஷனால தான், அதனால இந்த ஒரு புரோட்டீனை இன்னும் நிறைய பேர் ஆராயணும்னு நான் மனசார நினைக்கறேன்.

கேள்வி: நம்ம உடம்புலயும் இதே யூவிஆர் புரோட்டீன் தான் இருக்கா?

வேலை அதே, ஆள் வேற. நம்ம செல்லும் அடிபட்ட இடத்துக்கு ரெண்டு பக்கமும் வெட்டித் தான் எடுக்குது, ஆனா துண்டு பெருசு, 24லேர்ந்து 32 எழுத்து. வெட்டுறது எக்ஸ்பி-எஃப், எக்ஸ்பி-ஜி ரெண்டு நியூக்ளியேஸ், இதுங்களுக்கும் யூவிஆர்-சிக்கும் சொந்தமே கிடையாது. ரெண்டு பரம்பரை தனித்தனியா வந்து ஒரே வழியைக் கண்டுபிடிச்சிருக்கு. இது கெட்டுப் போய்ப் பிறக்கற குழந்தைங்களுக்கு வர்றது தான் ஸீரோடெர்மா பிக்மென்டோசம், வெயில் பட்டா தோல் தாங்காது, சின்ன வயசுலயே தோல் கேன்சர் வரும். இந்த நோய்ல ரிப்பேர் தான் குறைன்னு 1968ல ஜேம்ஸ் கிளீவர் காட்டினார், பாக்டீரியாவுல பார்த்தது நாலே வருஷத்துல மனுஷ நோய்க்கு விளக்கமா வந்து நின்னுது.

நேரடி சொந்தம் உள்ளதும் உண்டு. ஈ கோலைல எஸ்பிசி-சிடின்னு ஒரு நியூக்ளியேஸ், டிஎன்ஏ தன் மேலயே மடிஞ்சு கொண்டை ஊசி மாதிரி ஆன இடத்தை வெட்டும். நம்ம எம்ஆர்இ-11, ராட்-50 ரெண்டும் இதோட அதே குடும்பம்.

கேள்வி: டிஎன்ஏ ரிப்பேர் என்சைம் கலந்ததுன்னு கிரீம் விக்கறாங்க, வாங்கலாமா?

டி4 ஃபேஜோட எண்டோநியூக்ளியேஸ்-5 தைமின் டைமர் இருக்கற இடத்தைக் கண்டுபிடிச்சு அங்க இழையை வெட்டிக் குடுக்கும், சின்ன என்சைம். இதைக் கொழுப்புக் குமிழில அடைச்சு லோஷனாக்கி, மேல சொன்ன ஸீரோடெர்மா நோயாளிங்க மேல ஒரு வருஷம் சோதிச்சு 2001ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வெளியிட்டாங்க, புதுசா வர்ற தோல் கேன்சரும் அதுக்கு முந்தின நிலைப் புண்ணும் குறைஞ்சுது. அது அந்த நோயாளிங்க மேல, அந்தத் தயாரிப்பை வச்சு, டாக்டர் மேற்பார்வைல நடந்தது. கடைல கிடைக்கற எல்லா கிரீமுக்கும் அந்த முடிவு பொருந்தும்னு எடுத்துக்காதீங்க. டைமர் வந்த அப்புறம் வெட்டறதை விட வராமலே தடுக்கறது மேல், வெயில்ல போறப்போ முழுக்கை சட்டை, தொப்பி, சன்ஸ்கிரீன் போதும்.

கேள்வி: பாக்டீரியாவோட இந்த ரிப்பேரை நிறுத்திட்டா ஆன்டிபயாட்டிக் நல்லா வேலை செய்யுமே? (மருந்தாளுநர்)

சரியா பிடிச்சீங்க. சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரி மருந்து என்ன பண்ணுது, பாக்டீரியாவோட கைரேஸ்ங்கற என்சைம் டிஎன்ஏ முறுக்கைச் சரி பண்ண அதை வெட்டி ஒட்டிக்கிட்டே இருக்கும் இல்லையா, அதை வெட்டின நிலைலயே பிடிச்சு நிறுத்திடுது, அங்க ரெண்டு இழையும் அறுந்து போகுது. அதைச் சரி பண்ண ஓடி வர்றது ரெக்-பிசிடி, அது இல்லாத மியூட்டன்ட் கொஞ்சம் மருந்துலயே செத்துடும். இன்னொரு விஷயம் இதை விட முக்கியம். ரெக்-பிசிடி உண்டாக்கற ஒத்தை இழை மேல ரெக்-ஏ ஏறினதும் லெக்ஸ்-ஏ-ங்கற தடுப்பு அறுந்து எஸ்ஓஎஸ் ஆரம்பிக்கும், அதுல பிழையோட எழுதுற பாலிமரேஸும் வரும், மியூட்டேஷன் ஏறும், மருந்துக்கு மசியாத கிருமி வர வழி பிறக்கும். அதனால இந்த நியூக்ளியேஸை அடைச்சா ரெண்டு பக்கமும் லாபம்னு பல லேப்ல மூலக்கூறு தேடிக்கிட்டிருக்காங்க. கஷ்டம் எங்கன்னா, ரெக்-பிசிடி எல்லா பாக்டீரியாவுலயும் இல்ல, பேசில்லஸ் மாதிரி பலதுல ஏடிடி-ஏபின்னு ஒரு சொந்தக்காரப் புரோட்டீன் அந்த வேலையைப் பார்க்குது, அதோட கை சைட்டே வேற, அஞ்சு எழுத்து தான். ஒரே மருந்து எல்லாத்துக்கும் பொருந்துமாங்கறது பெரிய கேள்வி. ஆனாலும் புது ஆன்டிபயாட்டிக் தேடுற அளவுக்கு, இருக்கற ஆன்டிபயாட்டிக்குக் கூர் தீட்டுற இந்த வழிக்கும் பணமும் ஆளும் ஒதுக்கணும்ங்கறது என் உறுதியான கருத்து.

கேள்வி: டைனோகாக்கஸ் அவ்ளோ கதிர்வீச்சைத் தாங்குதே, அதுகிட்ட ரெக்-பிசிடி நிறைய இருக்குமோ?

ரெக்-பியும் ரெக்-சியும் அதுகிட்ட கிடையவே கிடையாது! 1956ல கதிர்வீச்சு காட்டிக் கிருமி நீக்கின இறைச்சி டப்பால உயிரோட இருந்த பாக்டீரியா அது, மனுஷனைக் கொல்ற அளவை விட 1,000 மடங்கு குடுத்தாலும் பிழைச்சுக்கும். அறுந்த முனையை ரெக்-ஜே-ங்கற வேற நியூக்ளியேஸ் தயார் பண்ணுது, ரெக்-எஃப்ஓஆர் புரோட்டீன்கள் ரெக்-ஏவை ஏத்தி விடுது. அதோட செல்லுல மாங்கனீஸ் அதிகம், அது ரிப்பேர் பண்ற புரோட்டீன்களைக் கதிர்வீச்சுலேர்ந்து காப்பாத்துது.

கேள்வி: எங்க லேப்ல வாங்கின ஈ கோலை ஸ்ட்ரெயின் (ரகம்) விவரத்துல ரெக்-பி, ரெக்-ஜே, எஸ்பிசி-சி, யூவிஆர்-சி எல்லாம் கெட்டதுன்னு போட்டிருக்கு. வேணும்னே ஏன் ரிப்பேர் இல்லாத பாக்டீரியாவை விக்கறாங்க? (பயோடெக் முதுகலை மாணவர்)

நீங்க சொல்றது ஷ்யூர்-னு விக்கற ஸ்ட்ரெயின்னு நினைக்கறேன். நீங்க குளோன் பண்ற டிஎன்ஏல திரும்பத் திரும்ப வர்ற வரிசையோ, ஒரு இழைல முன்னாலேர்ந்தும் எதிர் இழைல பின்னாலேர்ந்தும் ஒரே மாதிரி படிக்கற வரிசையோ இருந்தா அது கொண்டை ஊசியா மடியும். நல்ல ஈ கோலை அதைக் கோளாறுன்னு நினைச்சு எஸ்பிசி-சிடியால வெட்டி, சரி பண்றேன்னு உங்க வரிசைல பாதியைக் காணாம போக்கிடும். ஜீன் தெரபிக்கு வைரஸ் முனை வரிசையை வளர்க்கறவங்களுக்கு இந்தத் தொல்லை நல்லாத் தெரியும். அதனால தான் கத்தியை எடுத்துட்டுக் குடுக்கறாங்க. அதுக்கு விலை, அந்த ஸ்ட்ரெயின் மெதுவா வளரும், யூவி விளக்குக்குப் பக்கத்துல கூட வச்சுடாதீங்க.

இதே தந்திரம் ஏம்ஸ் டெஸ்ட்லயும் இருக்கு. ஒரு ரசாயனம் டிஎன்ஏல மியூட்டேஷன் பண்ணுமான்னு பார்க்கற டெஸ்ட் அது, அதுக்கு வச்சிருக்கற சால்மோனெல்லா ஸ்ட்ரெயின்கள்ல பலதுல யூவிஆர்-பியை எடுத்துட்டாங்க, ரிப்பேர் ஆகாததால சின்ன அடி கூட மியூட்டேஷனா வெளிய தெரியும். எடுக்கறப்போ பக்கத்துல இருந்த, பயோட்டின்ங்கற விட்டமினைத் தயாரிக்கற ஜீனும் சேர்ந்து போயிடுச்சு, பிளேட் போடறப்போ ஹிஸ்டிடின் துளியோட பயோட்டினும் சேர்க்கச் சொல்றது அதனால தான். ஆனா டிஏ102ங்கற ஸ்ட்ரெயின்ல மட்டும் யூவிஆர்-பியை விட்டு வச்சிருக்காங்க. மைட்டோமைசின் மாதிரி ரெண்டு இழையையும் குறுக்கே கட்டிப் போடற ரசாயனத்தை ஒரு பக்கமாவது வெட்டி விடலைன்னா செல்லு செத்துடும், செத்த செல்லு மியூட்டேஷனைக் காட்டாது, அதனால அங்க கத்தி இருந்தே ஆகணும். உங்க லேப்ல டிஏ98ங்கற இன்னொரு ஏம்ஸ் ஸ்ட்ரெயினையும் டிஏ102ஐயும் பக்கத்துல பக்கத்துல கோடா இழுத்து, பிளேட்ல பாதியை மூடி வச்சுட்டு யூவி காட்டுங்க, மறுநாள் மூடாத பாதில எந்தக் கோடு நிக்குதுன்னு பார்த்தா யூவிஆர்-பி உள்ளது எதுன்னு நீங்களே சொல்லிடுவீங்க.